சித்தேரி மலைச் சாலையில் பழைய வாகனம் ஓட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

அரூரிலிருந்தும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தும் சித்தேரி மலைக்கு ஏறி இறங்கும் ஜீப், கார், வேன், பிக்கப் ஓட்டுநர்களுக்கும் அவ்வாகனங்களின் உரிமையாளர்களுக்கும்,

கிழக்குத் தொடர்ச்சி மலையில், தருமபுரி மாவட்டத்தின் தென்கிழக்கு ஓரத்தில் பரந்து கிடக்கும் சித்தேரி ஊராட்சியின் சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு மருத்துவமனை, சந்தை, கல்லூரி, அரசு அலுவலகம் ஆகிய அனைத்தும் மலைக்குக் கீழேதான் இருக்கின்றன. பேருந்து வராத நேரத்திலும், பேருந்தே எட்டாத ஊர்களிலும் சாமை மூட்டை முதல் பிரசவ வலி கண்ட பெண் வரை அனைத்தையும் சுமப்பவை தங்கள் வாகனங்களே. அவற்றில் கணிசமானவை பல்லாண்டு உழைத்தவை. பல கைகள் மாறியவை. பூட்டுத்தடுப்பு பிரேக் எனப்படும் ஏ.பி.எஸ். அமைப்பு இல்லாதவை. அத்தகைய வாகனத்தை மலைச் சாலையில் பாதுகாப்பாக ஓட்ட முடியும் என்பதும், அதற்கான வேலையின் பெரும்பகுதி பிரேக் பெடலில் கால் படுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும் என்பதுமே இம்மடல் சொல்ல வந்த செய்தி.

பழைய வாகனம் வைத்திருப்பது குற்றமன்று. மாருதி 800 கார் 1983 டிசம்பரிலிருந்து 2014 ஜனவரி வரை தயாரிக்கப்பட்டது. அம்பாசிடர் 2014 வரை உத்தர்பாராவிலிருந்து வந்துகொண்டிருந்தது. மகிந்திரா நிறுவனத்தின் ஜீப்புகளோ நாடு விடுதலையடைந்த காலத்திலிருந்து மலைப்பகுதிகளின் முதன்மை வாகனமாக இருந்து வந்துள்ளன. இந்தியாவில் புதிய கார்கள் அனைத்துக்கும், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வாகனங்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முன் விற்பனையான வாகனங்களில் விலை உயர்ந்த வகைகளுக்கு மட்டுமே அது பெரும்பாலும் கிடைத்தது. ஆகவே இன்று மலையேறும் பழைய வாகனங்களில் அது இல்லாதிருப்பதற்குச் சட்டமும் சந்தையும் நடந்த வரலாறே காரணம். உரிமையாளரின் அலட்சியம் காரணமன்று. ஆனால் இல்லாத ஒன்றை இருப்பதாக எண்ணி ஓட்டினால், அதன் பொறுப்பை ஓட்டுநரே ஏற்றாக வேண்டியிருக்கும்.

ஏ.பி.எஸ். என்ன செய்கிறது என்பதை அறிந்தால்தான், அது இல்லாத வாகனத்தில் ஓட்டுநர் எதை ஈடுசெய்ய வேண்டும் என்பது விளங்கும். உருளும் சக்கரத்தில், டயர் தரையைத் தொடும் உள்ளங்கையளவு பகுதி அந்தக் கணத்தில் தரைமீது ஏறத்தாழ நிலையாகப் பதிந்திருக்கிறது; இந்நிலையில் கிடைக்கும் பிடிமானம் நிலை உராய்வு எனப்படும். பிரேக்கை ஓங்கி மிதித்துச் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால், அதே ரப்பர் தரைமீது தேய்ந்து இழுபடத் தொடங்குகிறது. இதனை நழுவு உராய்வு என்பர். தார்ச் சாலையில், குறிப்பாக ஈரத் தாரில், நழுவு உராய்வு நிலை உராய்வைவிடக் குறைவு. எனவே பூட்டிய சக்கரம் வண்டியை நிறுத்த அதிகத் தூரம் எடுத்துக்கொள்கிறது. அதைவிடக் கொடியது, பூட்டிய முன்சக்கரம் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது என்பது. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும், வண்டி முன்பு எத்திசையில் போய்க்கொண்டிருந்ததோ அத்திசையிலேயே நேராகச் சறுக்கும். கொண்டை ஊசி வளைவில் அந்த நேர்த்திசை பெரும்பாலும் பள்ளத்தை நோக்கியதாகவே இருக்கும். பின்சக்கரங்கள் மட்டும் பூட்டிக்கொண்டால் வண்டியின் வால் முன்னால் வர முயன்று, வண்டி சாலையின் குறுக்கே திரும்பிவிடும். சுமையில்லாத பிக்கப் வாகனம் இறக்கத்தில் வரும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் பின்சக்கரங்கள் இலேசாகி, இவ்வாறு பூட்டிக்கொள்வது எளிது. காலி வண்டி என்பதால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்ற எண்ணத்துடன் திரும்பி வரும் பயணத்தில்தான் இது நேர்கிறது.

1978ஆம் ஆண்டு போஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனமும் மின்னணு ஏ.பி.எஸ். அமைப்பைக் கார்ச் சந்தைக்குக் கொண்டுவந்தன. அதற்கு முன்பே விமானச் சக்கரங்களுக்கு அத்தகைய கருவிகள் பயன்பட்டு வந்தன. ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் ஓர் உணரி கண்காணித்து, ஒரு சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தவுடன் அச்சக்கரத்துக்குச் செல்லும் பிரேக் அழுத்தத்தை விட்டு, மறுகணமே மீண்டும் கொடுத்து, இதனை நொடிக்குப் பலமுறை செய்வதே அதன் தொழில். அவ்வளவு விரைவு மனிதக் காலுக்கு வாராது. நான்கு சக்கரங்களையும் தனித்தனியே கவனிக்கவும் ஒரு பெடலால் இயலாது. ஆயினும் அதே தத்துவத்தை, குறைந்த அளவிலேனும், பயிற்சி பெற்ற கால் செய்து காட்டும்; ஏ.பி.எஸ். வருவதற்கு முன் உலகெங்கும் ஓட்டுநர்கள் அவ்வாறே ஓட்டினர்.

அந்த முறை இரு படிகளைக் கொண்டது. முதற்படி, பெடலை உதைக்காமல் அமுக்குவது. கால் பெடலைத் தொட்டு, வண்டியின் எடை முன்பக்கம் இறங்கி முன் டயர்கள் தரையில் அழுந்த ஒரு கணம் இடம் கொடுத்து, அதன் பிறகு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன்புள்ள எல்லையில் அழுத்தத்தை நிறுத்திப் பிடிப்பதுதான் மிகக் குறைந்த தூரத்தில் வண்டியை நிறுத்தும் வழி. அந்த எல்லையைக் காட்டும் அறிகுறிகள் சில உண்டு: டயரின் மெல்லிய முனகல் கிறீச்சிடலாக மாறும், கையில் ஸ்டீயரிங் திடீரென்று இலேசாகும், வண்டியின் வால் அசைவதை இடுப்பு உணரும். இரண்டாம் படி, எல்லையைக் கடந்து சக்கரம் பூட்டிக்கொண்டுவிட்டால் பெடலை முழுவதும் விடாமல், சக்கரம் மீண்டும் உருளும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, உடனே மறுபடி அமுக்குவது. நொடிக்கு இரண்டு மூன்று முறை இவ்வாறு விட்டு விட்டு அமுக்கலாம். பெடலைத் தளர்த்தும் ஒவ்வொரு கணத்திலும் ஸ்டீயரிங் மீண்டும் வேலை செய்யும் என்பதால், திருப்ப வேண்டியதை அக்கணத்தில் திருப்பிக்கொள்ள வேண்டும். ஆபத்தைக் கண்ட மனிதக் கால் இயல்பாகவே பெடலை இறுக மிதித்து அப்படியே உறைந்துவிடும். தளர்த்துவது அந்த இயல்புக்கு எதிரானது. எனவே இது படித்து வருவதன்று, பழகி வருவது. அடிவாரத்தில் ஆளில்லாத சமதளத்தில், தரை நனைந்திருக்கும் ஒரு நாளில், 20 அல்லது 30 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரத்தை வேண்டுமென்றே பூட்டவிட்டு, அதனை விடுவித்துப் பழகுவதை ஒவ்வொரு ஓட்டுநரும் ஒருமுறையேனும் செய்ய வேண்டும்.

இங்கே இளைய ஓட்டுநர்களுக்கென ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பெங்களூரிலோ திருப்பூரிலோ புதிய வாடகைக் கார் ஓட்டிப் பழகியவர், பண்டிகைக்கு ஊர் வந்து வீட்டிலுள்ள பழைய ஜீப்பை எடுக்கும்போது, அவருடைய கால் கற்றிருக்கும் பாடம் நேர் எதிரானது. ஏ.பி.எஸ். உள்ள வாகனத்தில், அவசரத்தில் பெடலை முழுவலுவுடன் மிதித்து, அது காலடியில் அதிர்ந்தாலும் விடாமல் பிடித்திருப்பதே சரியான முறை. கால் அமுக்கி விடுவது அங்கே தவறு. பழைய ஜீப்பில் அப்படி மிதித்துப் பிடித்தால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ளும். திறமைக் குறைவால் அன்று, வேறொரு வாகனத்தில் கற்ற நல்ல பழக்கத்தால் நேரும் விபத்து இது. ஆகவே சாவியைக் கொடுக்கும் பெரியவர்கள், இந்த வண்டியில் ஏ.பி.எஸ். இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுப்பது நன்று.

வளைவு என்பது தனிக் கவனத்துக்குரியது. டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிமானம் அளவான ஒரு கைமுதல். பிரேக்குக்கும் அதிலிருந்துதான் செலவு, திருப்பத்துக்கும் அதிலிருந்துதான் செலவு. முழுவதையும் பிரேக்குக்குச் செலவிட்டவருக்கு வண்டியைத் திருப்ப எதுவும் மிஞ்சாது. எனவே வளைவு தொடங்குமுன், சாலை நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, கியரையும் இறக்கி முடித்து, வளைவுக்குள் பெடலிலிருந்து காலை எடுத்த நிலையில் நுழைய வேண்டும். வளைவின் நடுவில் வேகம் மிகுதி என்று தெரிந்து பிரேக்கைத் தொட நேர்ந்தால், அந்தத் தவறு வளைவுக்கு முப்பது மீட்டர் முன்னரே நிகழ்ந்துவிட்டது என்று பொருள். ஏறி வரும் வண்டிக்கு இறங்கி வரும் வண்டி வழிவிட வேண்டும் என்ற சாலை விதியும் இங்கே நினைவுக்குரியது. குறுகிய மலைச் சாலையில் எதிரே வண்டி ஏறி வரக்கூடும் என்று எண்ணி இறங்குபவர், தாம் காணும் தூரத்தில் பாதிக்குள்ளேயே நிறுத்தக்கூடிய வேகத்தில் வர வேண்டும். ஏனெனில் மீதிப் பாதி எதிரே வருபவருக்குத் தேவை.

அந்தத் தூரம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடையது. 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்ட கண்ணிலிருந்து கால் வரை செய்தி போய்ச் சேர அந்த ஒரு நொடியேனும் ஆகும். சமதளத்தில், உலர்ந்த தாரில், நல்ல டயருடன் (உராய்வுக் கெழு, அதாவது பிடிமானத்தின் அளவு, 0.7 என்று கொண்டால்) அதன் பிறகு நிற்க 9 மீட்டர் தேவை, ஆக மொத்தம் 20 மீட்டர். மழை நனைத்த தாரில் அக்கெழு 0.4 ஆகக் குறைகிறது என்றும், சாலை 12 அடிக்கு 1 அடி இறங்குகிறது என்றும் கொண்டால், பிரேக் பிடித்த பிறகு மட்டும் 20 மீட்டர், ஆக மொத்தம் 31 மீட்டர் ஆகிறது. அதே ஈர இறக்கத்தில் வேகம் 30 கிலோமீட்டராக இருந்தால் மொத்தம் 20 மீட்டருக்குள் வண்டி நின்றுவிடும். பத்துக் கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்தவர், மழை நாளின் இறக்கத்தில் வெயில் நாளின் சமதளத்துக்குரிய பாதுகாப்பைத் திரும்பப் பெற்றுவிடுகிறார். சக்கரம் பூட்டாமல் இருந்தால் கிடைக்கும் தூரங்களே இவை. பூட்டிக்கொண்டால் இன்னும் கூடும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியும் ஈர இறக்கத்தில் இந்தக் கணக்கை வெல்ல முடியாது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். அது திருப்பும் திறனைக் காக்குமேயன்றி, இல்லாத பிடிமானத்தை உண்டாக்காது.

சாலையின் மேற்பரப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அறுவடைக் காலத்தில் சாமைக் கதிரையும் கேழ்வரகுத் தாளையும் வண்டிச் சக்கரம் ஏறி உதிரும்படி தார்ச் சாலையில் பரப்பி வைப்பது மலையிலும் சமவெளியிலும் உள்ள வழக்கம். காய்ந்த தாளின்மேல் பிரேக் அமுக்கினால் தாள் தாளோடு வழுக்குகிறது. டயர் தரையைத் தொடுவதே இல்லை. மழைக்குப் பிறகு மேட்டிலிருந்து அடித்து வரும் செம்மண்ணும் பொடிக்கல்லும் வளைவின் உட்புறத்தில்தான் திரண்டு கிடக்கும். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசும் கலந்து குழம்பாவதால், நாள் முழுதும் பெய்த மழையைவிட முதல் அரை மணி நேரமே வழுக்கல் மிகுந்தது. இவ்விடங்களில் டயர் கிறீச்சிட்டு எச்சரிப்பதில்லை, ஓசையின்றியே பூட்டிக்கொள்ளும். ஆகவே அவற்றைக் கடக்குமுன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அவற்றின்மேல் செல்லும்போது பிரேக்கையும் திருப்பத்தையும் கூடியவரை தவிர்ப்பதே வழி.

இனி, மலையிறக்கத்தின் மிகப்பெரிய ஆபத்து. 1,500 கிலோ எடையுள்ள ஒரு வண்டி 300 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கி நிற்கும்போது, ஏறத்தாழ 44 இலட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக வெளியேற வேண்டும். அது பதினான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் இவ்வளவு வெப்பமும் நான்கு டிரம்களிலும் அவற்றுக்குள் இருக்கும் பிரேக் ஷூ லைனிங்கிலும் இறங்குகிறது. சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. லைனிங் பிடிமானத்தை இழக்கிறது. பெடல் கட்டையாக இருக்கும், கால் முழு வலுவையும் கொடுக்கும், வண்டி மட்டும் நிற்காது. இதற்குப் பிரேக் தளர்வு என்று பெயர். இன்னொரு வகையில், வெப்பம் வீல் சிலிண்டருக்குப் பரவிப் பிரேக் ஆயில் கொதித்து, அதில் ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவி சுருங்கிப் போகும் என்பதால் பெடல் பஞ்சுபோல் அடிவரை இறங்கிவிடும். கட்டைப் பெடலும் பஞ்சுப் பெடலும் வேறு வேறு கோளாறுகள். ஆனால் இரண்டுக்கும் காரணம் சூடுதான். ரப்பரும் கல்நாரும் கருகுவது போன்ற ஒரு காட்டமான வாடை அதற்குச் சில நிமிடங்கள் முன்பே மூக்குக்கு எட்டும். அந்த வாடையை உணர்ந்த ஓட்டுநர், எவ்வளவு அவசரமான பயணமாக இருந்தாலும், அகலமான இடத்தில் ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, பிரேக் தானாக ஆறும்வரை நிற்க வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றுவது அதை வெடிக்கச் செய்யும், அது கூடாது.

அவ்வாறு சூடேறாமல் காப்பது கியர்தான். எந்தக் கியரில் ஒரு மேட்டை ஏற முடியுமோ அதே கியரில், தேவைப்பட்டால் இன்னும் ஒன்று குறைத்து, அதே இறக்கத்தில் இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்கள் கடைப்பிடித்த விதி. கியரில் இருக்கும்போது சக்கரம் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருப்பதால் வேகம் தானாகவே கட்டுப்படுகிறது. வெப்பத்தின் பெரும்பங்கு எஞ்சின் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறிவிடுகிறது. பிரேக் வேகத்தை அவ்வப்போது சரிசெய்யும் கருவியாக மட்டும் மிஞ்சுகிறது. அதையும் தொடர்ந்து இலேசாகத் தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்திக் குறைத்து, விட்டு, ஆறவிட்டு, மீண்டும் அழுத்துவது சிறந்தது. கியரை இறக்கத்தின் தொடக்கத்திலேயே, வண்டி மெதுவாக இருக்கும்போதே குறைத்துக்கொள்ள வேண்டும். வேகம் ஏறிய பின் பழைய கியர்பாக்ஸில் கீழ்க் கியர் விழாமல் நியூட்ரலிலேயே மாட்டிக்கொள்வதும் உண்டு.

நியூட்ரலில் இறங்கும் வழக்கத்தைப் பற்றி இம்மடல் தயவுதாட்சண்யமின்றிப் பேச விரும்புகிறது. இதே மாவட்டத்தில், தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலான தேசிய நெடுஞ்சாலையில் உள்ள தொப்பூர் கணவாய், இறக்கத்தில் கட்டுப்பாடிழந்த கனரக வாகனங்களால் எத்தனையோ உயிர்களைப் பலிகொண்ட இடம். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும், கட்டுப்பாட்டை இழந்த ஒரு லாரி முன்னே சென்ற வாகனங்களை வரிசையாக மோதித் தள்ளிய விபத்துகளைத் தமிழகமே கண்டது. நியூட்ரலில் இறங்க வேண்டாம் என்று அங்கே ஓட்டுநர்களுக்குத் தொடர்ந்து அறிவுறுத்தப்படுகிறது. டீசல் மிச்சமாகும் என்பதே இவ்வழக்கத்துக்குச் சொல்லப்படும் காரணம். அது உண்மையன்று. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் ஓட டீசல் தேவை. கியரில், ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்த நிலையில், எஞ்சினைச் சக்கரமே சுழற்றுவதால் பழைய டீசல் பம்பில் உள்ள கவர்னர் எனும் கட்டுப்படுத்தி எரிபொருளை ஏறத்தாழ நிறுத்திவிடுகிறது. புதிய வண்டிகளில் கணினி அதே வேலையைச் செய்கிறது. மிச்சமாகும் என்று எண்ணிச் செய்யும் செயலில் டீசலும் செலவாகிறது, பிரேக்கும் தேய்கிறது. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது அதனினும் கொடியது. பிரேக்குக்குத் துணைவலு தரும் வெற்றிட பூஸ்டர் எஞ்சின் ஓடும்போது மட்டுமே வேலை செய்யும். அணைத்தபின் இரண்டு மூன்று மிதிகளுக்குள் அதன் சேமிப்பு தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும். சாவியைத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளக்கூடும்.

இதுவரை சொன்னவை ஓட்டுநருக்கு. உரிமையாளரின் பங்கு அதைவிடக் குறைவானதன்று. ஏனெனில் வாடகை வண்டி ஓட்டுபவர் தம் கையிலிருந்து லைனிங் மாற்றுவதில்லை. பிரேக் சரியில்லை என்று சொல்லியும் வண்டியை எடுக்கச் சொன்னால், வேலையை இழக்காதிருக்க அவர் எடுத்துவிடுவார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 எனும் தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய பின் அது 140 டிகிரி வரை இறங்க இடமுண்டு. டாட் 4 வகைக்கு இவ்வளவுகள் 230, 155. சமவெளியில் ஓடும் வண்டிக்கு இவ்வேறுபாடு தெரியாமலே போகலாம். மலையிறக்கத்தில் அந்த அறுபது எழுபது டிகிரிதான் பெடல் பிடிப்பதற்கும் பஞ்சாவதற்கும் இடையிலான தூரம். குறைந்தால் ஊற்றிக்கொள்வது போதாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றி, ஏர் எடுத்துவிட வேண்டும். அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். வீல் சிலிண்டரிலிருந்து கசியும் ஆயிலோ, அச்சு ஆயில் சீலிலிருந்து கசியும் எண்ணெயோ ஒரு பக்க லைனிங்கை நனைத்தால், பிரேக் பிடிக்கும்போது வண்டி மறுபக்கம் இழுக்கும். மலைச் சாலையில் அந்த மறுபக்கம் பள்ளமாக இருக்கலாம். மொட்டை டயர் குறித்து நீட்டிச் சொல்லத் தேவையில்லை: டயர்ப் பள்ளத்தின் அடியில் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் வார்க்கப்பட்டிருக்கும் குறுக்குமேடு, தேய்ந்த பரப்போடு சமமாகிவிட்டால் அந்த டயர் மழைக்குத் தகுதியற்றது.

பலரும் அறியாத ஒன்றுண்டு. பல பிக்கப், வேன் வகைகளில் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட சிறு வால்வு இருக்கும். சுமை ஏறி வண்டியின் பின்பக்கம் தாழும்போது பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவதும், காலியாக உயர்ந்திருக்கும்போது குறைத்துப் பின்சக்கரம் பூட்டாமல் காப்பதும் அதன் வேலை. ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் அது செய்யும் காவலில் ஒரு பகுதியைச் செய்வது இந்த எளிய வால்வுதான். அதிகச் சுமை ஏற்றுவதற்காக ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போடும்போது, சுமை ஏறினாலும் பின்பக்கம் தாழாமல் போகிறது. வண்டி காலியென்று வால்வு எண்ணி, முழுச் சுமையிலும் பின்பிரேக்கைக் குறைத்தே வைத்திருக்கிறது. அப்போது முன்பிரேக் மட்டும் அத்தனை எடையையும் தாங்கி விரைவில் சூடேறுகிறது. கம்பி துருப்பிடித்து இறுகிவிட்டாலும், பழுதென்று கழற்றி விடப்பட்டாலும் இதே கேடுதான். பட்டை கூட்டிய வண்டிகளின் உரிமையாளர்கள் இந்த வால்வை விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டும். அதைவிடச் சிறந்தது, வண்டிக்கு விதித்த சுமைக்கு மேல் ஏற்றாதிருப்பது.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதும் பிரேக்கோடு தொடர்புடையதே. மூட்டை அசையாது, நின்றுகொண்டிருக்கும் மனிதர்கள் ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னே சாய்ந்து, ஒவ்வொரு வளைவிலும் வெளிப்புறம் ஒதுங்கி, வண்டியின் எடையை இடம் மாற்றிக்கொண்டே இருப்பர். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில், புதூர்நாடு பகுதியில், கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற வேன் மலைச் சாலையிலிருந்து பள்ளத்தில் உருண்டு பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அம்மலையும் மலையாளி மக்கள் வாழும் மலையே. அப்பயணமும் சித்தேரியில் அன்றாடம் நடக்கும் பயணங்களைப் போன்றதே. பேருந்து போதாத ஊரில் ஆளேற்றுவதை ஒரே வாக்கியத்தில் கண்டிப்பது எளிது. நோயாளியைக் கொண்டுசெல்ல வேறு வழியில்லாதவரிடம் அக்கண்டனம் செல்லாது. ஆயினும் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் ஒரே நடையில் ஐம்பது பேரை ஏற்றுவதற்குப் பதில் இரண்டு மூன்று நடையாக, அனைவரையும் தளத்தில் உட்கார வைத்து, முதற்கியரிலோ இரண்டாம் கியரிலோ இறக்குவது ஓட்டுநரின் கையில் இருக்கிறது. மேலும் பேருந்து கேட்டு ஊராட்சி எழுப்பும் குரலுக்கு ஓட்டுநர்களும் துணை நிற்பது, தொழிலுக்குப் போட்டியை வரவழைப்பதாகாது.

இவ்வளவுக்குப் பின்னும் பிரேக் கைவிட்டுவிட்டால் என்ன செய்வது என்பதை வண்டி எடுக்குமுன்பே மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அந்நேரத்தில் யோசிக்க இயலாது. எஞ்சினை அணைக்கக் கூடாது. கிளட்ச்சை மிதித்தபடி வைத்திருக்கவும் கூடாது. பெடலை விரைந்து பலமுறை அடித்தால், கசிவோ ஆவியோ இருந்தாலும் சிறிது அழுத்தம் திரும்பக் கிடைப்பதுண்டு. அதே வேளையில் கியரை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை அதன் பொத்தானை அமுக்கிய நிலையிலேயே சிறிது சிறிதாக இழுத்து, வால் அசைந்தால் உடனே தளர்த்த வேண்டும். பழைய ஜீப்புகள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லாமல் கியர்பாக்ஸுக்குப் பின்னுள்ள சுழல்தண்டில் அமைந்திருப்பதால், ஓடும்போது அதை ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரங்கள் இரண்டும் ஒருசேரப் பூட்டிக்கொள்ளும். விளக்கையும் ஹாரனையும் விடாமல் பயன்படுத்திக்கொண்டு, பள்ளத்துப் பக்கத்தை விட்டு மலைப் பக்கம் ஒதுங்கி, வாய்க்காலிலோ மண்மேட்டிலோ புதரிலோ வண்டியின் பக்கவாட்டை உரசி நிறுத்த வேண்டும். தகரம் கிழிந்தாலும் நிமிர்த்திக்கொள்ளலாம். வேகம் சேருமுன் முதல் இருநூறு மீட்டருக்குள் எடுக்கும் முடிவே இதில் பயன்படும். அடுத்த வளைவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

புறப்படும் ஒவ்வொரு காலையிலும், எஞ்சினை ஓடவிட்டு, பெடலை அரை நிமிடம் ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடித்துப் பார்த்தால், அது மெல்லக் கீழிறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரோ குழாயோ கசிகிறது, அன்று அந்த வண்டி மலையிறங்கக் கூடாது. ஓடையைக் கடந்து வந்தால், ஈரமான டிரம் உலரும்வரை சமதளத்தில் பெடலை இலேசாகத் தொட்டபடி சிறிது தூரம் ஓட்டிப் பார்த்த பிறகே இறக்கத்தைத் தொட வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன், புரட்டாசிக்குள், நான்கு டிரம்மையும் கழற்றி லைனிங் கனத்தைப் பார்த்து, வீல் சிலிண்டர் ரப்பர்களை மாற்றி, பழைய பிரேக் ஆயிலை வடித்துப் புதியது ஊற்றி, ஏர் எடுத்து, ஹேண்ட் பிரேக் கேபிளையும் இறுக்கித் தரும்படி உரிமையாளர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். வேலை முடிந்த வண்டியை முதலில் ஓட்டிப் பார்ப்பவர் அதன் அன்றாட ஓட்டுநராகவே இருக்கட்டும். அவர் கால் சரியென்று சொல்லும்வரை அதில் ஆளும் சுமையும் ஏற வேண்டாம்.